‘வயசானா அப்படித்தான்’ என்று சொன்னால் விட்டுவிடலாமா?

கேள்வி: நிமோனியா என்று என் அப்பாவை (வயது 74) மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம். மூன்றாம் நாள் இரவிலிருந்து சம்பந்தமில்லாமல் பேசுகிறார், டிரிப்ஸைப் பிடுங்கப் பார்க்கிறார். நர்ஸிடம் சொன்னால், ‘வயசானா அப்படித்தான்’ என்கிறார். மறுபடியும் கேட்டால் தொந்தரவாக நினைப்பார்களோ?

பதில்: நினைத்தால் நினைக்கட்டும், கேளுங்கள். வயதானதால் யாரும் இரண்டே நாளில் குழம்பிப்போவதில்லை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் டெலிரியம் எனப்படும் திடீர்க் குழப்பமாக இருக்கலாம். கிருமித்தொற்று, ஆக்சிஜன் குறைவு, சோடியம் குறைவு, சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், வலி, சில தூக்க மாத்திரைகள் என்று இதற்குப் பல காரணங்கள் உண்டு. தேடினால்தான் கிடைக்கும். கத்துகிற நோயாளியையாவது கவனிப்பார்கள். பேசாமல் அரைத்தூக்கத்தில் கிடப்பவருக்கும் இதே பிரச்சினை இருக்கலாம், அதுதான் அதிகம் கவனிக்கப்படாமல் போகிறது.

சாதாரண நாளில் உங்கள் அப்பா எப்படி இருப்பார் என்பது வார்டில் யாருக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியும். அதனால் ‘அப்பா சரியில்லை’ என்று பொதுவாகச் சொல்லாமல், ‘சேர்க்கும்போது தெளிவாகப் பேசினார், நேற்று இரவிலிருந்து என்னையே அடையாளம் தெரியவில்லை, காலையிலிருந்து சிறுநீரும் சரியாகப் போகவில்லை’ என்று நேரத்தோடு சொல்லுங்கள். இப்படிச் சொன்னால் எந்த டாக்டரும் சட்டென்று நிமிர்ந்து பார்ப்பார்.

வீட்டில் சாப்பிட்ட மாத்திரைகளையெல்லாம் காட்டுங்கள். தினமும் குடிப்பவர் என்றால் கூச்சப்படாமல் அதையும் சொல்லிவிடுங்கள். குடி திடீரென்று நின்ற இரண்டு மூன்று நாளில் இதே மாதிரி குழப்பம் வரலாம், அதற்குச் சிகிச்சையே வேறு. பல குடும்பங்கள் மறைப்பது இதைத்தான்.

மூச்சு வேகமாக வாங்கினாலோ, எழுப்பினாலும் சரியாக விழிக்காவிட்டாலோ ரவுண்ட்ஸ் வரை காத்திருக்க வேண்டாம். உடனே டூட்டி டாக்டரைக் கூப்பிடச் சொல்லுங்கள். அவர் வரவில்லையென்றால் பெரிய டாக்டரிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள். இங்கிலாந்தில் மார்த்தா மில்ஸ் என்ற 13 வயதுச் சிறுமி 2021இல் செப்சிஸால் (கிருமித்தொற்று முற்றி உடல் உறுப்புகளையே பாதிக்கும் நிலை) இறந்தாள். பெற்றோர் கவலையைச் சொல்லியும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதன் விளைவாக வந்த ‘மார்த்தா விதி’ 2024இல் அங்கே நடைமுறைக்கு வரத் தொடங்கியது. அதன்படி, நோயாளியின் நிலை மோசமாகிறது என்று தோன்றினால், வேறொரு மருத்துவக் குழு வந்து பார்க்க வேண்டும் என்று குடும்பமே கேட்கலாம்.

அதற்காக நீங்களே ஆக்சிஜனைக் கூட்டுவது, வீட்டு மாத்திரையைத் தனியாகக் கொடுப்பது எல்லாம் கூடாது. அரைத்தூக்கத்தில் இருப்பவருக்குச் சாப்பாடு ஊட்டினால் நுரையீரலுக்குள் போய்விடலாம். கண்ணாடி, காதுக் கருவி இருந்தால் மாட்டிவிடுங்கள். பகலில் வெளிச்சம் இருக்கட்டும், என்ன நாள், எங்கே இருக்கிறார் என்று அவ்வப்போது சொல்லுங்கள், இரவில் தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.

அப்புறம், டாக்டரிடம் பேச வீட்டில் ஒருவரை முடிவு செய்துகொள்ளுங்கள். ஆளுக்கொரு கேள்வியாக நான்கு பேர் கேட்டால் டாக்டருக்கு எரிச்சல் வரும், உங்களுக்கும் நான்கு விதமான பதில்தான் மிஞ்சும்.