பழைய எம்ஜிபிக்கு எந்த ஒயில்?

கேள்வி: அப்பாவின் 1967 எம்ஜிபி காரை இப்போது நான்தான் ஓடுகிறேன். 5டபிள்யூ-30 சிந்தெற்றிக் ஒயில் ஊற்றலாமா?
– வாசகர், உவர்மலை, திருகோணமலை

பதில்: வேண்டாம் தம்பி. அந்த 1798 சிசி எஞ்சினுக்கு 20டபிள்யூ-50 மினரல் ஒயில்தான் சரி. டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிரில் ஸ்டார்ட் பண்ணுவதற்கானது, திருகோணமலையில் எங்கே குளிர், நீங்கள் பார்க்கவேண்டியது பின்னால் உள்ள 50ஐ, நிலாவெளி வெயிலில் ஓடிச் சூடேறிய பிறகும் ஒயில் தண்ணீராகாமல் அழுத்தம் நிற்பது அதனால்தான். அப்புறம், இசட்.டி.டி.பி என்ற துத்தநாக, பொஸ்பரஸ் கலவை போதுமான அளவு உள்ள ஒயிலாக வாங்குங்கள். எஞ்சின் வால்வுகளைத் திறந்து மூட உதவும் கேம் ஷாஃப்ட்டும் டப்பெட்டும் உரசித் தேயாமல் காப்பது அதுதான். புதுக் கார்களில் புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வேட்டரைக் கெடுக்கும் என்று இப்போதைய ஒயில்களில் அதைக் குறைத்துவிட்டார்கள். கார் சும்மா நின்றாலும் வருடத்துக்கு ஒருமுறை ஒயிலை மாற்றுங்கள், ஃபில்டரையும் சேர்த்து.