பச்சையாக ஒளிரும் செல் உயிருடன்தான் இருக்கிறதா?

கேள்வி: சேலத்தில் எம்.எஸ்சி. உயிர்வேதியியல் படிக்கிறேன். ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்து மண்ணிலிருந்து பிரித்தெடுத்த ஆக்டினோமைசீட் என்னும் மண் பாக்டீரியா ஒன்றிலிருந்து எத்தில் அசிடேட் கரைப்பானில் எடுத்த சாற்றை ஈ. கோலை பாக்டீரியா மீது சோதித்து வருகிறேன், ஒப்பீட்டுக்குச் சிப்ரோஃப்ளாக்சசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து. அந்த மருந்தைக் கொடுத்து 2 மணி நேரம் கழித்து, சைட்டோ-9 (பச்சை), புரோப்பிடியம் அயோடைடு (சிவப்பு) ஆகிய இரண்டு ஒளிரும் சாயங்களையும் ஏற்றிப் பார்த்தால், ஏறக்குறைய எல்லாச் செல்களும் பச்சையாகவே தெரிகின்றன. ஆனால் அதே மாதிரியை ஊட்ட அகர்த் தட்டில் பரப்பினால் மறுநாள் ஒரு காலனிகூட இல்லை. என் சாறு பட்ட செல்களில் பாதி சிவப்பாக இருக்கின்றன. சாயம் கெட்டுவிட்டதா? என் சாறுதான் வலிமையானது என்று எழுதலாமா?

பதில்: சாயத்தின் மீது பழி போட வேண்டியதில்லை. அது தனக்குத் தெரிந்ததைச் சரியாகவே சொல்லியிருக்கிறது. ஆனால் நீங்கள் கேட்ட கேள்வி வேறு. சைட்டோ-9 எல்லாச் செல்களுக்குள்ளும் நுழையும். புரோப்பிடியம் அயோடைடோ, வெளிச்சவ்வு சிதைந்த செல்லுக்குள் மட்டுமே புகுந்து, டி.என்.ஏ.வுடன் பிணைந்ததும் 20 முதல் 30 மடங்கு கூடுதலாக ஒளிர்ந்து, பச்சைச் சாயத்தையும் பின்னுக்குத் தள்ளிவிடும். ஆகவே நீங்கள் காணும் பச்சைக்கு ‘சவ்வு முழுமையாக இருக்கிறது’ என்பது மட்டுமே பொருள். சாயப் பெட்டியின் மேல் ‘உயிருள்ளவை, இறந்தவை’ என்று அச்சிட்டிருப்பதுதான் பலரையும் குழப்புகிறது.

சிப்ரோஃப்ளாக்சசின் சவ்வைத் தொடுவதில்லை. டி.என்.ஏ.வின் முறுக்கையும் சிக்கலையும் சீர்செய்யும் டி.என்.ஏ. கைரேஸ், டோபோஐசோமரேஸ்-4 ஆகிய நொதிகளை டி.என்.ஏ. மீதே பிணைத்து நிறுத்தி, இழைகளை அறுபட்ட நிலையில் விட்டுவிடுகிறது. சேதத்தை உணரும் செல், சுல்-ஏ என்னும் புரதத்தை உண்டாக்கித் தன் பிளவை நிறுத்திக்கொள்கிறது. ஆனால் நீள்வதை நிறுத்துவதில்லை. உங்கள் சிலைடை மீண்டும் எடுத்து நிறத்தை மறந்து வடிவத்தைப் பாருங்கள். மருந்து படாத ஈ. கோலை சீரகம் போலக் குட்டையாக இருக்கும். மருந்து பட்டவை உடைக்காத சேமியாவைப் போல நீண்டு வளைந்து கிடக்கும். இனி பெருக முடியாத செல், சவ்வு உடையாமல் பல மணி நேரம் அப்படியே பச்சையாக இருக்கக்கூடும்.

தட்டு முடிவையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். செல்களோடு ஒட்டி வந்த மருந்து, தட்டிலும் வளர்ச்சியைத் தடுத்திருக்கலாம். மையவிலக்கில் சுழற்றி இருமுறை கழுவி, பத்து மடங்கு வீதம் படிப்படியாக நீர்த்து, 0, 1, 2, 4 மணி நேரங்களில் எடுத்த மாதிரிகளைப் பரப்பி எண்ணுங்கள். சாயமேற்றும் மாதிரியை 0.85 சதவீத உப்புநீரில் கழுவுவதே நல்லது. பாஸ்பேட் தாங்கல் கரைசல் சாயமேறும் திறனைக் குறைக்கிறது. சிலைடைச் சுடரில் காட்டி உலர்த்தும் பழக்கம் இங்கே உதவாது, ஏனெனில் அந்தச் சூடே சவ்வைச் சிதைத்துவிடும். இன்னொன்று, சாயம் கரைந்திருக்கும் டி.எம்.எஸ்.ஓ. என்னும் கரைப்பான் 18 டிகிரி செல்சியஸ் அளவிலேயே உறைந்துவிடும். சேலத்துச் சித்திரை வெயிலில் இது யாருக்கும் தெரிவதில்லை. குளிர்சாதன அறையிலோ மார்கழி மாத ஏற்காட்டிலோ, பாதி உருகிய குழாயிலிருந்து எடுத்துவிட்டுச் சாயம் சரியில்லை என்று சொல்பவர்கள் உண்டு.

சாயத்தின் மீது இன்னும் சந்தேகம் இருந்தால், 70 சதவீத ஐசோபுரோப்பனாலில் 1 மணி நேரம் வைத்துக் கொன்ற செல்களுக்குச் சாயமேற்றுங்கள். அவை சிவந்தால் சாயம் நன்றாகவே இருக்கிறது. மருந்துகளுக்குள் ஒப்பிட பாலிமிக்சின்-பி என்னும் நுண்ணுயிர்க்கொல்லியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது சவ்வையே குறிவைப்பதால் செல்கள் சில நிமிடங்களிலேயே சிவக்கத் தொடங்கும்.

இனி உங்கள் சாறு. பாதி செல்கள் சிவந்ததற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம்: சாற்றில் சவ்வைத் தாக்கும் பொருள் இருக்கலாம், ஆவியாகாமல் மிஞ்சிய கரைப்பானே செல்லைக் கெடுத்திருக்கலாம், அல்லது அந்தச் சிவப்பு சாயத்தின் சிவப்பாகவே இல்லாமல் இருக்கலாம். ஆக்டினோமைசீட்டுகளில் ஒரு பிரிவான ஸ்ட்ரெப்டோமைசிஸ் இனங்களில் பல, சிவப்பு நிறமிகளை உண்டாக்குபவை. சாயமே சேர்க்காமல் சாறு மட்டும் பட்ட செல்களையும், சாறு இல்லாமல் அதே அளவு கரைப்பான் பட்ட செல்களையும் அதே வடிகட்டியில், அதே ஒளிபடு நேரத்தில் படமெடுத்தால் பின்னிரண்டு சந்தேகங்களும் தீர்ந்துவிடும்.

அப்போதும் ‘வலிமையானது’ என்று எழுத முடியாது. வலிமையைக் குறைந்தபட்சத் தடுப்புச் செறிவால்தான், அதாவது வளர்ச்சியைத் தடுக்கப் போதுமான மிகக் குறைந்த அளவால்தான், ஒப்பிட வேண்டும். தூய்மையாக்காத சாற்றையும் தூய மருந்தையும் ஒரே தராசில் வைப்பது எனக்கு எப்போதும் உறுத்தலாகவே இருக்கும். சிவப்பு உண்மையானதாக இருந்தால் வேறொரு கவலையும் சேர்ந்துகொள்கிறது: சவ்வைத் தாக்கும் பொருள் விலங்குச் செல்களையும் விட்டுவைக்காமல் இருக்கலாம். ஆட்டு ரத்தம் கலந்த அகர்த் தட்டில் ஒரு துளி சாற்றை வைத்துப் பாருங்கள். அங்கே தெளிந்த வளையம் விழுந்தால் சிவப்பணுக்களும் உடைகின்றன என்று பொருள். அது தெரியும்வரை ஒப்பீட்டு அத்தியாயத்தை எழுதத் தொடங்க வேண்டாம்.