இணையத்தளத்தைப் புதுப்பித்த பிறகு பார்வையாளர் கணக்கு ஏன் பூச்சியமாகிறது?

நிலாவெளியில் விடுதி நடத்தும் ஒருவர் கேட்ட கேள்வி இது. தளம் நன்றாகத் திறக்கிறது, ஆனால் பார்வையாளரை எண்ணிக் காட்டும் சேவையான கூகுள் அனலிட்டிக்ஸில் ஒருவரையும் காணவில்லை.

பார்வையாளரை எண்ணுவது தளம் அல்ல, அதன் ஒவ்வொரு பக்கத்திலும் பதித்த ஒரு சிறு நிரல்துண்டு. பக்கம் திறந்ததும் அது கூகுளுக்குச் செய்தி அனுப்பும். வடிவமைப்பை மாற்றும்போது அந்தத் துண்டும் அழிந்துபோகலாம். யாரும் கவனிப்பதில்லை, ஏனென்றால் கண்ணுக்குத் தெரியும் எதுவும் உடைவதில்லை. ‘யூஏ’ என்று தொடங்கும் பழைய அடையாள எண் மட்டும் இருந்தாலும் பயனில்லை. அது அனலிட்டிக்ஸின் பழைய பதிப்புக்கு உரியது; அந்தப் பதிப்பு 2023 ஜூலை 1 முதல் புதிய தரவை ஏற்பதில்லை.

கோணேசர் கோயில் வாசலில் செருப்புகளை எண்ணிக் கூட்டத்தைக் கணிப்பதாக வையுங்கள். எண்ணுபவர் எழுந்து போனால் கணக்கு நிற்கும், கூட்டம் நிற்காது. வெறுங்காலோடு வந்தவரும் கணக்கில் சேரமாட்டார்; இந்த நிரல்துண்டையும் தடுக்கும் விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவர் அப்படித்தான்.

மாற்றம் செய்த அன்றே உங்கள் கைபேசியில் தளத்தைத் திறந்து, நிகழ்நேர அறிக்கையில் ‘1’ விழுகிறதா என்று பாருங்கள். முன்பதிவுப் பக்கத்தைக் கட்டாயம் தனியாகச் சோதியுங்கள்.

பலர் நினைப்பதுபோல் ‘பயனர் 100’ என்றால் நூறு பேர் அல்ல: ஒருவரே கைபேசியிலும் மடிக்கணினியிலும் பார்த்தால் பொதுவாக இரண்டாகவே பதிவாகும்.