ஃபீஸ் கட்டும் முன் தம்பி லேயர் மாஸ்க் பழகட்டும்

அன்புள்ள அம்மா,

பிளஸ் டூ முடித்த மகன் போட்டோ எடிட்டிங்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக இருப்பதாகவும், பயிற்சி மையத்தில் முழுப் பணத்தையும் முன்கூட்டியே கேட்பதாகவும் எழுதியிருந்தீர்கள். ஒரு மாதம் பொறுங்கள். அதற்குள் தம்பி லேயர் மாஸ்க் ஒன்றை மட்டும், அதாவது படத்தில் வேண்டாத பகுதியை அழிக்காமல் மறைக்கும் முறையை, உருப்படியாகப் பழகட்டும். இந்த வேலை அவருக்கு ஒத்துவருமா என்பது அதிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

கல்யாண ஆல்பத்தில் மணப்பெண்ணை மட்டும் பிரித்து வேறு பின்னணியில் வைக்க வேண்டும் என்று வையுங்கள். புதிதாகப் பழகுபவர்கள் எரேசரை எடுத்துப் பின்னணியை அழிப்பார்கள். அழித்து சேமித்துவிட்டால் போனது போனதுதான். மாஸ்க்கில் எதுவும் அழிவதில்லை. எடிட்டிங்கில் படங்களைக் கண்ணாடித் தாள்போல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவோம், அந்த ஒவ்வொரு அடுக்கும் ஒரு லேயர். மாஸ்க் என்பது அந்த லேயரோடு சேர்ந்திருக்கும் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். வெள்ளை பூசிய இடம் தெரியும், கறுப்பு பூசிய இடம் மறையும், சாம்பல் நிறத்தில் மங்கலாகத் தெரியும். 8 பிட் என்ற வகைப் படத்தில் கறுப்பிலிருந்து வெள்ளை வரை 256 படிகள் உண்டு. பள்ளிச் சீருடையின் ஓரத்தை வெட்டாமல் உள்ளே மடித்துத் தைக்கச் சொல்வோமே, அதுபோலத்தான். தேவைப்பட்டால் பிரித்துக்கொள்ளலாம். "பழைய பின்னணியே நல்லா இருந்துச்சு" என்று வாடிக்கையாளர் கடைசி நேரத்தில் சொல்வது இந்தத் தொழிலில் சகஜம். மாஸ்க் போட்டவருக்கு அது சில நிமிட வேலை. எரேசரால் அழித்தவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பொறுமை தெரிவது ஓரங்களில்தான். நெற்றியில் பறக்கும் முடி, மல்லிகைச் சரத்தின் இடுக்கு, ஜிமிக்கியின் ஓட்டை, உடல் தெரியும் மெல்லிய முந்தானை என ஒவ்வொன்றுக்கும் பிரஷ் மாற வேண்டும். நகைக்குக் கூர்மையான ஓரம், முடிக்கு மென்மையான ஓரம், முந்தானைக்குச் சாம்பல் நிறம். முடித்ததும் அடியில் பளிச்சென்ற சிவப்பு லேயர் ஒன்றைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், விட்டுப்போன திட்டுகள் கண்ணில் படும். போட்டோஷாப்பில் ஆல்ட் விசையை அழுத்தியபடி மாஸ்க்கின் சிறுபடத்தைக் கிளிக் செய்தால் மாஸ்க் மட்டும் தனியாகத் தெரியும். இப்படி உட்கார்ந்து சரிபார்ப்பதில் மகனுக்கு அலுப்பு வரவில்லை என்றால் எனக்கு நம்பிக்கை வந்துவிடும்.

இதற்குச் செலவு தேவையில்லை. ஜிம்ப் என்ற எடிட்டிங் மென்பொருள் இலவசம். போட்டோபீ என்ற இன்னொன்று பிரவுசரிலேயே திறக்கும். வேலையை லேயரோடு சேமிக்கப் பழகுவது முக்கியம், ஜேபெக் என்ற சாதாரணப் போட்டோ ஃபைலாக மட்டும் சேமித்தால் லேயர் எதுவும் மிஞ்சாது.

ஏஐ வந்துவிட்டதே என்ற உங்கள் கவலை நியாயமானது. பின்னணியை வெட்டிக் கொடுப்பது மட்டுமே வேலை என்றால், அதை நம்பி இறங்கச் சொல்லமாட்டேன். ஆனால் போட்டோஷாப்பில் பின்னணியை நீக்கும் பட்டனை அழுத்தினாலும் கிடைப்பது ஒரு லேயர் மாஸ்க்தான். அது விழுங்கிய பூவையும் முடியையும் மீட்கத் தெரிந்த கை வேண்டும். போட்டோஷாப்பில் லேயர் வந்தது 1994-ல், 3.0 பதிப்பில். அன்றிலிருந்து எத்தனையோ வசதிகள் வந்தும் இந்த அடிப்படை மாறவில்லை. சினிமா விஎஃப்எக்ஸில், அதாவது காட்சி மாயாஜால வேலையில், ஆட்களைக் காட்சியிலிருந்து பிரித்தெடுக்கும் ரோட்டோ, பல படங்களை ஒன்றாக இணைக்கும் காம்போசிட்டிங் செய்பவர்களுக்கும் இதே கணக்குதான்.

பட்டப்படிப்பை மட்டும் விடவேண்டாம். விஸ்காம் எனப்படும் விஷுவல் கம்யூனிகேஷன் படிப்பைப் பார்க்கலாம். ஓவியம் வரும் என்றால் சென்னையிலும் கும்பகோணத்திலும் உள்ள அரசு கவின்கலைக் கல்லூரிகளையும் விசாரியுங்கள்.

மாத முடிவில் தம்பி செய்த ஒரு ஃபைலை ஊரில் உள்ள ஆல்பம் டிசைனர் ஒருவரிடம் காட்டச் சொல்லுங்கள். பிரிண்ட் போதாது, லேயரோடு திறந்து காட்டட்டும். அவர் சரி என்றால் பயிற்சி மையத்துக்குப் போங்கள். அங்கும் மாணவர்கள் செய்த ஃபைலை லேயரோடு திறந்து காட்டச் சொல்லிக் கேளுங்கள். காட்டினால், முதல் தவணையை மட்டும் கட்டுங்கள்.