தோற்ற பிறகு கராத்தே வேண்டாம் என்கிறான்: பதில்

அண்ணை, மாவட்டப் போட்டியில் தோற்ற பிறகு உங்கள் 13 வயது மகன் கொக்குவில் வகுப்புக்குப் போக மறுக்கிறான், நிறுத்திவிடவா என்று கேட்டிருந்தீர்கள். நிறுத்தாதீர்கள். ஆனால் அடுத்த போட்டிக்கு இப்போதைக்குப் பெயரும் கொடுக்காதீர்கள்.

நான் ஆறு வருடம் குமித்தே, அதாவது எதிராளியோடு நேருக்கு நேர் மோதும் போட்டி, ஆடினவன். பயத்தோடு நின்று யோசிக்கப் பழக்கியது போட்டிதான். வகுப்பில் தெரிந்த பெடியனோடு மோதும்போது அது வராது. முன்பின் தெரியாதவன் எதிரே நிற்கும்போதுதான் நம் கால் எவ்வளவு இறுகுகிறது என்று தெரியும்.

என்னைக் கெடுத்ததும் அதே போட்டிதான். குத்துக்கு 1 புள்ளி, தலைக்கு உதைத்தால் 3 என்று கணக்குப் பார்த்து, கைவந்த இரண்டு அடியையே திரும்பத் திரும்பப் பழகினேன். எதிராளி இல்லாமல் தனியாக அடியையும் தடுப்பையும் வரிசையாகச் செய்து பழகும் கத்தாவை விட்டேவிட்டேன். ஒருநாள் மாஸ்ரர் காலை அகட்டி முழங்காலை மடக்கிக் குதிரை நிலையில் நிற்கச் சொன்னார். ஒரு நிமிடத்தில் என் தொடை நடுங்கியது. பக்கத்தில் தொடக்கநிலை மஞ்சள் பட்டி கட்டிய சின்னப்பிள்ளை அசையாமல் நின்றாள்.

கராத்தேயை ஜப்பானில் பரப்பிய ஃபுனாகோஷியே போட்டியை விரும்பாதவர். அவர் இறந்த 1957இல்தான் அவருடைய சங்கத்தின் முதல் அகில ஜப்பான் போட்டி நடந்தது. அதனால் பதக்கம் இல்லாமல் பழகுவது குறைவான பழக்கம் இல்லை.

அப்புறம் ஒன்று. தோற்ற அன்று மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வரும்போது மகனிடம் என்ன சொன்னீர்கள்? தோல்வியைவிட அதுதான் குத்துகிறதா என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். மாஸ்ரரிடம் மூன்று மாதம் கத்தா மட்டும் பழக்கச் சொல்லுங்கள்.