சர்ச் சுவருக்கு முட்டு எதற்கு?

கேள்வி: எங்கள் தோட்டத்துச் சர்ச் வெள்ளைக்காரன் காலத்துக் கருங்கல் கட்டடம். சுவருக்கு வெளியே முட்டுச்சுவர்கள் நிற்கின்றன. பிலிப்பைன்சில் வேலை செய்யும் தம்பி அனுப்பிய பாவோய் கோயில் படத்தில் இதைவிடப் பெரிதாக இருக்கின்றன, பூமியதிர்ச்சிக்காம். இங்கும் அதற்குத்தானா? இடித்துவிட்டு வான் நிறுத்த இடம் எடுக்கலாம் என்கிறது கமிட்டி.
– வாசகர், மஸ்கெலியா

பதில்: முதலில் அலவாங்கை வாங்கி உள்ளே வையுங்கள்.

பாவோய் கோயிலை 1710இல் கட்டி முடித்தார்கள். சுற்றிவர 24 முட்டுச்சுவர். நிலம் குலுங்கினால் நீளச் சுவர் ஆடி வெளியே சாயும். அதைத் தாங்கத்தான் அவ்வளவு தடிப்பு. மணிக்கூண்டு கோயிலை விட்டுத் தள்ளி நிற்கிறதைக் கவனித்தீர்களா? உயரமான கூண்டும் தாழ்ந்த மண்டபமும் ஒரே தாளத்தில் ஆடாது. ஒட்டிக் கட்டினால் ஒன்றையொன்று மோதி உடைக்கும். தள்ளி நின்றால் கூண்டு விழுந்தாலும் உள்ளே இருக்கும் சனத்தின் தலையில் விழாது. மணிலா சான் அகுஸ்தின் கோயிலுக்கு இரண்டு கோபுரம் இருந்தது. 1880 அதிர்ச்சியில் ஒன்று வெடித்து, பிறகு அதை இறக்கிவிட்டார்கள். இன்றைக்கும் ஒற்றைக் கோபுரம்தான்.

நம் பக்கம் கதை வேறு. நுவரெலியா ஹோலி டிரினிட்டி (1852), டிக்கோயா வார்லி (1878) சர்ச்சுகளின் காலத்துத் துரைமார் தங்கள் ஊர்க் கோதிக் பாணியைத்தான் மலைக்குக் கொண்டுவந்தார்கள். செங்குத்துக் கூரை நம் மழைக்கு நல்லது. ஆனால் சீலிங் இல்லாத திறந்த கூரையென்றால் கைமரங்கள் சுவரின் தலையை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தத் தள்ளலை வாங்குவது முட்டுச்சுவர். எடுத்தால் அன்றைக்கே விழாது. சில மழைக்காலம் போனபின் சுவருக்கும் கூரைக்கும் நடுவே வெளிச்சம் தெரியும்.

நமக்கு எதிரி தண்ணீர். நான் ஓவசியராக இருந்தபோது பார்த்த வெடிப்புகள் பெரும்பாலும் மேட்டுப் பக்கத்துக் கான் அடைபட்டு வந்தவை. சருகும் மண்ணும் நிறைந்து, மழைத்தண்ணீர் அத்திவாரத்தின் கீழ் இறங்கி, மண் இளகி ஒரு மூலை உட்காரும். வெடிப்பு கல்லுக்குக் கல் படிப்படியாக ஏறும். இது மேசன் பாஸ் பார்க்கிற வேலை. ஆனால் பின்னால் மேட்டிலேயே மண் பிறைபோல வெடித்திருந்தாலோ, மரம் சாய்ந்திருந்தாலோ தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு உடனே அறிவியுங்கள். அது மண்சரிவு விஷயம்.

சரி, வானுக்கு இடம்? ரோட்டோரம் பாருங்கள். மேட்டுப் பக்கம் மட்டும் வேண்டாம். கானை மூடிவிட்டுத்தான் நிறுத்துவீர்கள்.