தனியாக அடைக்கலம் தேடி வரும் பிள்ளைகள், தங்களுக்குக் கிடைக்கும் பராமரிப்பை எப்படிப் பார்க்கிறார்கள்?

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்தில், இலங்கைத் தமிழ் அகதிகள் முகாமில் பிறந்து வளர்ந்தவள் நான். வீட்டுக் கதையிலிருந்தே பதில் சொல்கிறேன்.

1990-இல் இலங்கையின் வடக்கில் மறுபடி சண்டை மூண்டபோது, என் சித்தப்பா வேறொரு குடும்பத்தின் படகில் தொற்றிக்கொண்டு மன்னாரிலிருந்து ராமேஸ்வரம் வந்தார். அப்போது பதினைந்து வயது. அப்பாச்சி, அதாவது அவருடைய அம்மா, ஊரிலேயே இருந்துவிட்டார்.

கரையில் சோறு கிடைத்தது, கூடவே கேள்வியும். பெயர் என்ன, ஏன் தனியாக வந்தாய், படகுக்கு யார் காசு கொடுத்தது? ஒருவர் எழுதிக்கொண்டு போவார். இன்னொருவர் வந்து முதலிலிருந்து கேட்பார். சோறு போட்டவரும் அதையேதான் கேட்டார். அக்கறையில்தான் கேட்டிருப்பார், பையனுக்கு எப்படித் தெரியும்? எதைச் சொன்னால் திருப்பி அனுப்புவார்களோ என்ற பயத்தில் வாயையே திறக்கவில்லை. முகாமில் அவருக்கு ‘அழுத்தக்காரப் பையன்’ என்று பெயர். இன்றைக்கும் தனுஷ்கோடிப் பக்கம் வந்து இறங்குபவர்களை மரைன் போலீஸ், கியூ பிரிவு உளவுப் போலீஸ் என்று மாறி மாறி விசாரிப்பது வழக்கம்தான்.

பக்கத்து வீட்டு மாமி மட்டும் எதையும் கேட்கவில்லை. இருட்டிய பிறகு கடற்கரையில் சுற்றினால் ஏசுவார். குடம் தூக்கச் சொல்வார். தன் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்வார். சித்தப்பா இப்போதும் சொல்வது: “சாப்பாடு தந்த ஆக்கள் கனபேர். ஏசினது அவ ஒராள்தான்.” (உடனே ஏசக் கிளம்பிவிடாதீர்கள். மாமி தன் பிள்ளைகளையும் அதே குரலில்தான் ஏசுவார். அதனால்தான் அது எடுபட்டது.)

இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை, அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இல்லை. இங்கிலாந்தில் ஏற்பாடு வேறு. தனியாக வரும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளையை உள்ளாட்சி மன்றம் 1989-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டப்படி பொறுப்பேற்கிறது. வளர்ப்புக் குடும்பம், சமூகப் பணியாளர் எல்லாம் உண்டு. எங்கள் முகாமோடு ஒப்பிட்டால் எவ்வளவோ மேல். ஆனால் வயதில் சந்தேகம் வந்தால், உட்காரவைத்து விசாரித்து வயதை முடிவு செய்பவர்களும் சமூகப் பணியாளர்கள்தான். கவனித்துக்கொள்ளும் தொழிலும் சோதிக்கும் தொழிலும் ஒன்றாக இருந்தால் பிள்ளை யாரை நம்பும்? இரண்டையும் பிரித்துவைக்க வேண்டும் என்பதே என் கட்சி.

அப்புறம், சாப்பாடு. ஊரில் அம்மா என்ன சாப்பிட்டாளோ என்ற நினைப்பு இருக்கும்போது கறிச்சோறு தொண்டையில் இறங்காது. பார்ப்பவர்கள் சமையல் பிடிக்கவில்லை என்று நினைத்து வேறு ஏதாவது சமைப்பார்கள். அப்பாச்சியிடமிருந்து முதல் கடிதம் வரும்வரை சித்தப்பா பாதித் தட்டில் கையைக் கழுவிவிடுவாராம். உங்கள் பொறுப்பில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், மெனுவை மாற்றுவதற்கு முன்னால் ஊருக்குப் பேச வழி செய்து கொடுங்கள். பேசி முடித்ததும் என்ன பேசினாய் என்று மட்டும் கேட்காதீர்கள்.